பிழை எந்தத் துண்டில்? முதலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பது என் பல வருஷப் பழக்கம். முதலில் எனக்காகச் செய்தேன். இப்போது தேர்வு எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காகச் செய்கிறேன். கணக்கில் நன்றாக மதிப்பெண் வாங்குகிறவர்கள்கூட ஆங்கிலத்தில் ஓரிடத்தில் தடுமாறுகிறார்கள். 'ஸ்பாட்டிங் எரர்ஸ்' என்று சொல்வார்களே, அந்தப் பகுதி. ஒரு வாக்கியத்தை மூன்று நான்கு துண்டாக வெட்டிக் கொடுத்து, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். பிழையே இல்லாமலும் இருக்கலாம். அதற்கும் கடைசியில் ஓர் ஆப்ஷன் உண்டு.

தடுமாறுகிறவர்களுக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். விதியைத் தனியாகக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆனால் வாக்கியத்தைக் கண்டதும் மனதுக்குள் ஒருமுறை வாசிக்கிறார்கள், எங்கேயாவது நெருடுகிறதா என்று காத்திருக்கிறார்கள். நெருடவில்லை என்றால் 'பிழை இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான். காது பழகியதைத்தான் சரி என்று சொல்லும். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு மூன்றுமே சுத்தமான ஆங்கிலம். மூன்றுமே தேர்வில் பிழை. கேள்வி தயாரிப்பவருக்கும் இது தெரியும். நம் காது எங்கே ஏமாறுமோ அங்கேதான் கை வைப்பார்.

அதனால் நான் முதலில் சொல்லித் தருவது, வாக்கியத்தை வாசித்து முடித்ததும் வினைச்சொல்லைத் தேடு, அதற்கு எழுவாய் யார் என்று கேள் என்பதுதான். மற்றதெல்லாம் அதற்கப்புறம். எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா, காலம் சரியா என்று இந்த இரண்டை மட்டும் ஒழுங்காகப் பார்த்தாலே நிறையக் கேள்விகள் விழுந்துவிடுகின்றன.

எழுவாயைக் கண்டுபிடிப்பதில் ஏன் வழுக்குகிறது என்றால், வினைக்குப் பக்கத்தில் வேறொரு பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். 'தி குவாலிட்டி ஆஃப் தி ஆன்சர்ஸ் கிவன் பை தி ஸ்டூடன்ட்ஸ் ஆர் பூர்.' ஸ்டூடன்ட்ஸ் பக்கத்தில் 'ஆர்' இருப்பதால் காதுக்கு ஒன்றும் தெரியாது. இந்த இடத்தில் நான் பிடித்துக்கொண்ட வழி ரொம்ப எளிது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மாணவர்கள் எழுதிய விடைகளின் தரம் மோசமாக இருக்கின்றன.' உடனே நெருடுகிறது இல்லையா? தரம் இருக்கிறது, இருக்கின்றன அல்ல. அப்படியென்றால் 'இஸ்'. எழுவாய்க்கு ஏற்ப வினை முடிய வேண்டும் என்பது தமிழில் நமக்கு எழுதப்படிக்கத் தெரிவதற்கு முன்பே வந்துவிட்ட அறிவு. ஆங்கிலக் கேள்வி என்பதற்காக அதைத் தேர்வறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டிய அவசியமில்லை.

இதே வழி இன்னும் பல இடங்களில் கைகொடுக்கும். 'அலாங் வித்', 'டுகெதர் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' வந்தால் வினை முதல் பெயரைப் பார்த்துத்தான் அமையும் என்று விதி. 'ஷி, அலாங் வித் ஹர் ஃப்ரெண்ட்ஸ், ஹேவ் லெஃப்ட்' என்று கொடுத்திருந்தால், தமிழில் 'அவள் தோழிகளோடு கிளம்பிவிட்டாள்' என்றுதானே சொல்வோம்? கிளம்பியது ஒருத்தி என்பது போலத்தான் வினை முடிகிறது. அங்கே 'ஹேஸ்' வர வேண்டும். 'எ நம்பர் ஆஃப்' வந்தால் பன்மை, 'தி நம்பர் ஆஃப்' வந்தால் ஒருமை என்று மனப்பாடம் செய்து, தேர்வறையில் மாற்றிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாவது 'பல மாணவர்கள் வந்தார்கள்'. இரண்டாவது 'மாணவர்களின் எண்ணிக்கை கூடியது'. இப்படிச் சொல்லிப் பார்த்தால் மனப்பாடமே வேண்டாம். 'ஈச்', 'எவ்ரி' என்பவையும் அப்படியே. 'ஒவ்வொரு மாணவனும் வந்தான்' என்பதில் எத்தனை பேர் வந்திருந்தாலும் வினை ஒருமைதான்.

'ஒன் ஆஃப்' என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. முதல் அடுக்கு எல்லோருக்கும் தெரிந்தது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் எ டாக்டர்' தவறு, 'ஃப்ரெண்ட்ஸ்' வர வேண்டும். 'நண்பர்களில் ஒருவர்' என்றுதான் நாமும் சொல்கிறோம். இரண்டாவது அடுக்கில்தான் நன்றாகப் படித்தவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். 'ஹி இஸ் ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ ஹேஸ் வொன் தி ப்ரைஸ்.' 'ஒன்' என்று இருக்கிறதே, 'ஹேஸ்' சரிதானே என்று தோன்றும். தேர்வின் விடைப்படி 'ஹேவ்' வர வேண்டும். ஏன் என்பதற்குத் தமிழ் வாக்கியமே பதில் சொல்லிவிடும். 'பரிசு வென்ற சிறுவர்களில் அவன் ஒருவன்.' 'வென்ற' என்ற பெயரெச்சம் யாரைப் போய்ச் சேருகிறது? சிறுவர்களை. அவர்கள் பலர், ஆகவே 'ஹேவ்'. இதே வாக்கியத்தில் 'ஒன்' என்பது 'தி ஒன்லி ஒன்' ஆகிவிட்டால் கதை மாறிவிடும். 'அந்தச் சிறுவர்களில் பரிசு வென்றவன் அவன் மட்டும்தான்.' இங்கே வென்றது ஒருவன், ஆகவே 'ஹேஸ்'. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதி ஒருமுறை யோசித்தவர்கள் அப்புறம் இந்தக் கேள்வியை விடுவதில்லை.

தமிழ் எல்லா இடத்திலும் உதவும் என்று நினைத்துவிட வேண்டாம். 'நெய்தர் நார்', 'ஐதர் ஆர்' வாக்கியங்களில் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைத்தான் வினை பின்பற்றும். 'நெய்தர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வாஸ் ப்ரெசன்ட்' என்றால் பிழை. தமிழில் 'ஆசிரியரும் வரவில்லை, மாணவர்களும் வரவில்லை' என்று இரண்டுக்கும் ஒரே 'வரவில்லை'தான். 'இல்லை' சேர்ந்த இந்த எதிர்மறையில் ஒருமை பன்மை தெரியாது. இங்கே விதியை நேராகப் படித்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

காலத்துக்கு வருகிறேன். தமிழ் உதவும் இடமும் காலை வாரும் இடமும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அதனால் கவனம் வேண்டும். 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2015' என்ற பிழை நம்மிடம் அதிகம் வருவதற்குக் காரணம், '2015 முதல் இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதுதான். ஆங்கிலத்தில் அங்கே 'ஹேவ் பீன் லிவிங்' வேண்டும். 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டில் ஒன்றைக் கண்டால் உடனே வினையைத் திரும்பிப் பாருங்கள். அதோடு 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு, 'ஃபார்' எவ்வளவு காலம் என்ற அளவுக்கு என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2012' போல முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல் இருந்தால் 'ஹேவ் சீன்' வராது, 'சா' தான் வரும்.

நிபந்தனை வாக்கியங்களில் தமிழ் அருமையாகக் கைகொடுக்கும். 'இஃப் இட் வில் ரெயின்' ஏன் தவறு? 'மழை பெய்தால்' என்ற சொல்லில் எதிர்காலம் எங்காவது இருக்கிறதா? இல்லை. ஆங்கிலத்திலும் அந்தப் பக்கம் 'வில்' வராது. அடுத்து, 'உழைத்திருந்தால் ஜெயித்திருப்பான்' என்பதைப் பாருங்கள். ஒரு பக்கம் 'இருந்தால்', மறு பக்கம் 'இருப்பான்'. இரண்டு பக்கமும் ஒரே வடிவத்தை நாம் போடுவதில்லை. ஆங்கிலத்தில் 'இருந்தால்' பக்கம் 'ஹேட்', 'இருப்பான்' பக்கம் 'வுட் ஹேவ்'. 'இஃப் ஹி வுட் ஹேவ் வொர்க்ட் ஹார்ட்' என்று தொடங்கும் வாக்கியம் தேர்வில் வந்தால் அங்கேயே பிழை.

ஆனால் 'வென்' வந்தால் உஷாராக இருக்க வேண்டும். 'அவன் வரும்போது சொல்கிறேன்' என்பதில் 'வரும்' இருப்பதால் 'வென் ஹி வில் கம்' என்று நம் வாயில் வந்துவிடுகிறது. 'வென் ஹி கம்ஸ்' என்பதே சரி. அதற்காக 'வென்' பக்கத்தில் 'வில்' கண்ட இடமெல்லாம் பிழை என்று குறித்துவிடவும் கூடாது. 'டூ யூ நோ வென் ஹி வில் கம்?' சரியான வாக்கியம். அது 'எப்போது வருவான்' என்ற கேள்வி. 'வரும்போது' என்று பொருள் வந்தால் 'வில்' கிடையாது, 'எப்போது' என்று பொருள் வந்தால் உண்டு.

கேள்விக்குள் கேள்வி வரும்போது இன்னொரு பிழை ஒளிந்திருக்கும். 'ஐ ஆஸ்க்ட் ஹிம் வாட் வாஸ் ஹி டூயிங்' என்பதில் சொற்களெல்லாம் சரி, வரிசைதான் தவறு. 'வாட் ஹி வாஸ் டூயிங்' என்று வர வேண்டும். நேரடியாகக் கேட்டாலும் இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்டாலும் தமிழில் வரிசை மாறுவதில்லை. அதனால் இந்தப் பிழை நம் கண்ணில் படுவதேயில்லை. நடுவில் 'வாட்', 'வேர்', 'ஒய்' எதைக் கண்டாலும் அதற்கு அடுத்த இரண்டு சொற்களின் வரிசையைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

வினையைப் பார்த்து முடித்தபிறகு சின்னச் சொற்கள். ப்ரெபொசிஷன் பட்டியல்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. பக்கம் பக்கமாக இருக்கும், மூன்றாம் நாள் மறந்துவிடும். ஏன் அந்தத் தப்பு வருகிறது என்று தெரிந்தால் நினைவில் நிற்கிறது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதில் உள்ள 'பற்றி'தான் 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' ஆக வந்து உட்காருகிறது. 'அறைக்குள் நுழைந்தான்' என்பதில் உள்ள 'உள்' 'என்டர்ட்' பக்கத்தில் 'இன்டு' ஆகிறது. 'எனக்கு விளக்கினான்' என்பதில் நடப்பது இதற்கு நேர் எதிர். 'கு' 'எனக்கு' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ஆங்கிலத்தில் 'எக்ஸ்ப்ளெய்ன்ட் மீ' என்று 'டு' இல்லாமல் எழுதிவிடுகிறோம். 'டிஸ்கஸ்', 'என்டர்', 'ரீச்', 'ரிசெம்பிள்', 'அவெய்ட்', 'ஆர்டர்' ஆகியவை வினையாக வரும்போது நேராகப் பெயரைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் ஆள் வேண்டாம். ஒப்பந்தத்தில் இறங்குவது மட்டும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்'. அது தனி வழக்கு, பிழை என்று குறித்துவிடாதீர்கள். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'ப்ரிஃபர்' வந்தால் 'தேன்' வராது, 'டு' வரும். 'டிஸ்பைட்' தனியாக நிற்கும், 'ஆஃப்' சேராது. 'இன் ஸ்பைட்' என்றால் 'ஆஃப்' வேண்டும்.

'டு' என்ற சொல்லுக்கு அடுத்து 'இங்' வந்தால் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்கிறார்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' சரிதான். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 'டு' பக்கத்தில் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' பொருந்துகிறது, ஆகவே அங்கே வினை வந்தால் 'இங்' சேர்த்தே வரும். 'ஐ வான்ட் டு தி ஹாலிடேஸ்' பொருந்தவில்லை, ஆகவே 'இங்' வராது. 'அக்கஸ்டம்ட் டு', 'வித் எ வியூ டு' எல்லாம் இதே சோதனையில் தேறிவிடும்.

பன்மையில் ஒரு சின்னத் தொகுதி மட்டும் அடிக்கடி வருகிறது. தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று நாம் தாராளமாகக் 'கள்' சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்யூப்மென்ட்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'சீனரி' எதுவும் 'ஸ்' வாங்காது. 'நியூஸ்' கடைசியில் 'ஸ்' இருந்தாலும் ஒருமை. 'போலீஸ்', 'கேட்டில்' (மாடுகள்) இரண்டுக்கும் 'ஸ்' இல்லாவிட்டாலும் பன்மை வினை. ஆர்ட்டிகிள் நம் மொழியில் இல்லாத ஒன்று, அது விட்டுப்போனால் நமக்குத் தெரியாது. எண்ணக்கூடிய ஒரு பொருள் ஒருமையில், முன்னால் எதுவும் இல்லாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். 'எ', 'அன்' எது என்பதை எழுத்து முடிவு செய்யாது, ஒலி முடிவு செய்யும்: 'அன் ஹவர்' என்று எழுதினாலும் வாயில் வருவது 'அவர்', 'எ யூனிவர்சிட்டி' வாயில் வருவது 'யூ'.

எனக்கு மிகவும் பிடித்த பிழை வகை ஒன்று உண்டு. 'வாக்கிங் அலாங் தி ரோட், எ டாக் பிட் ஹிம்.' ஆங்கில இலக்கணத்தின்படி இங்கே நடந்து போனது நாய். 'செய்து' என்னும் வாய்பாட்டில் வரும் வினையெச்சம் அந்தச் செயலைச் செய்தவனின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியம் காலத்திலிருந்து நம் இலக்கணத்தில் இருக்கிறது. 'சாலையில் நடந்து வந்து நாய் அவனைக் கடித்தது' என்று சொல்லிப் பாருங்கள். நடந்து வந்தது நாய் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். வாக்கியம் 'இங்' வடிவத்தில் தொடங்கினால் காற்புள்ளிக்கு அடுத்து வரும் பெயரைப் பாருங்கள், அந்தச் செயலைச் செய்தது அதுவா என்று கேளுங்கள். 'பீயிங் எ ஹாட் டே, ஐ ஸ்டேய்ட் அட் ஹோம்' என்றால் வெயில் நாளாக இருந்தது 'நான்' என்று ஆகிவிடும். 'இட் பீயிங் எ ஹாட் டே' என்று தொடங்க வேண்டும்.

ஜோடிச் சொற்கள் சுலபம். 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' வந்தால் 'வென்', 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்'. 'ஹார்ட்லி' முதலில் வந்தால் அடுத்து 'ஹேட் ஐ' என்று வரிசை திரும்பும். ஜோடியில் ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடினால் போதும்.

இனி, தேர்வறையில் செய்ய வேண்டியது. பிழை என்று நினைக்கும் துண்டைக் குறிப்பதற்கு முன்னால் அதற்கான திருத்தத்தை ஒரு சொல்லில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் பிழை அல்ல, உங்களுக்குப் பிடிக்காத நடை. 'இதைவிட நன்றாக எழுதியிருக்கலாமே' என்ற எண்ணம் வந்த இடத்தையெல்லாம் குறித்துத்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வில் இது இரட்டை நஷ்டம். வினை, காலம், சின்னச் சொற்கள், ஜோடிகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது, திருத்தம் எதுவும் கைக்கு வரவில்லை என்றால் 'பிழை இல்லை' என்பதைத் தைரியமாகக் குறியுங்கள். கேள்வி தயாரிப்பவர் அந்த ஆப்ஷனைச் சும்மா வைக்கவில்லை.

சில வாக்கியங்களை இரண்டு இடத்தில் திருத்தலாம் போலத் தோன்றும். 'ஐ ஹேவ் சீன் ஹிம்' ஒரு துண்டு, 'எஸ்டர்டே' அடுத்த துண்டு என்று இருந்தால், 'எஸ்டர்டே'யை எடுத்துவிட்டாலும் வாக்கியம் சரியாகிவிடும்தானே? அங்கே நான் பார்ப்பது, சரியான வாக்கியத்தில் எதைக் கெடுத்து இந்தக் கேள்வியை உண்டாக்கியிருப்பார்கள் என்பதை. நேரம், பெயர், எண் போன்றவற்றை மாற்றினால் சொல்லவந்த செய்தியே மாறிவிடும், அதனால் அவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். கெடுப்பது வினை வடிவத்தையும் சின்னச் சொற்களையும்தான். விடையும் வினை இருக்கும் துண்டில் இருக்கும்.

கடைசியாக ஒரு தொல்லை. இலக்கண அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கும் இடங்கள் சில உண்டு. 'டாலர் தேன் மீ' (என்னைவிட உயரம்) என்பதை இன்றைய ஆங்கிலத்தில் படித்தவர்களும் சகஜமாகச் சொல்கிறார்கள். பழைய இலக்கணத்தில் 'டாலர் தேன் ஐ' மட்டுமே சரி. 'எவ்ரிஒன்' வந்தால் பின்னால் 'தேர்' (அவர்களுடைய) வரலாமா, இரண்டு பேருக்கு மேல் இருந்தால் 'ஈச் அதர்' போடலாமா, 'நன்' (ஒருவரும் இல்லை) என்பதற்குப் பன்மை வினை வரலாமா என்பவையும் இந்த ரகம். இவற்றை வைத்து நண்பர்களோடு வாதாடுவதில் நேரம் போக்க வேண்டாம். இப்படி ஒன்று வாக்கியத்தில் தென்பட்டால், முதலில் அதே வாக்கியத்தில் வேறு தெளிவான பிழை இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அதுதான் விடை. இல்லை என்றால் நீங்கள் எழுதப்போகும் அந்தத் தேர்வின் முந்தைய விடைக்குறிப்புகள் எந்தப் பக்கம் நின்றிருக்கின்றன என்பதுதான் கணக்கு. அவற்றை முன்கூட்டியே தேடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாக நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வராது.